கிளித்திரைக்கு அந்தப் பக்கம்

ஜிம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசியை ஒரு படுக்கை விரிப்பின் முன்னால் நின்றுதான் கற்றுக்கொண்டேன். இரட்டைக் கட்டிலுக்குப் போடுகிற பெரிய விரிப்பு. அதில் பச்சைக் கிளிகள் வரிசை வரிசையாகக் கிளையில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கிளிகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த அளவுக்கு உடற்பயிற்சியை மதுரையில் வேறெந்தப் பறவைக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

முதலில் என்னைப் பற்றி. ஆனையூரில் ஒரு ஜிம்மில் மாஸ்டராக இருந்தேன். அதற்கு முன்னால் ஆணழகன் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவன். மேடையில் மொத்தம் எத்தனை பேர் நின்றார்கள் என்று யாரும் கேட்காதவரை அது பெரிய விஷயம். அந்தக் காலத்தில் எங்கள் செட்டில் எல்லோருக்கும் கண்ணாடியில் தெரிகிற தசை மீதுதான் காதல். கை, மார்பு, தோள். கால் என்று ஒன்று இருப்பதே செருப்பு வாங்கும்போதுதான் நினைவுக்கு வரும். ஆகவே எனக்கு மேலே தேர், கீழே ஊதுபத்தி. கோடையிலும் முழுநீளப் பேன்ட்தான் போடுவேன். கேட்டால் கொசு என்பேன்.

ஜிம் ஓனர் அண்ணன் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, காலையில பத்து மணிக்கு மேல இங்க ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம். பொம்பளைகளுக்கு ஒரு பேட்ச் ஆரம்பிப்போமா? நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல உள்ளவுக."

"அண்ணே, எனக்கு அவுகளோட பேசவே வராதே."

"பேச வேணாம். எண்ணு, போதும்."

முதல் நாள் நான்கைந்து பேர் வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டார்கள். சுவர் முழுக்க ஜட்டியோடு நிற்கும் ஆணழகர்களின் படங்கள். அதில் ஒன்று நான். முன்னால் நின்ற அம்மா ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்.

"தம்பி, முதல்ல இவுகளுக்கெல்லாம் துணிமணி எடுத்துக் குடுங்க. அப்புறம் நாங்க வாரோம்."

அவர்தான் கமலாம்மா. வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார், வெளியே எங்களைவிட நன்றாகத் தமிழில் கிண்டல் பேசுவார். போனவர் சும்மா போகவில்லை. ஒரு வாரத்தில் அவரே இடம் பிடித்துவிட்டார். அவருடைய தோழி ஜமீலா அக்காவின் வீடு, கோரிப்பாளையத்தில். கீழே அக்காவின் கணவருடைய பஞ்சு மெத்தைக் கடை, பின்கட்டில் வீடு, மாடியில் காலியாக ஒரு கூடம். கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பாய் சாந்தமான மனிதர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மாஸ்டர், நீங்க தாராளமா வாங்க. ஆனா நடுவுல ஒரு திரை இருக்கும். அவுக அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம்."

"பாக்காம எப்படி பாய் சொல்லிக்குடுக்குறது?"

"ரேடியோவுல சொல்லிக்குடுக்கலையா?"

மறுநாளே கடையிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை எடுத்துவந்து கூடத்தின் நடுவில் கட்டிவிட்டார். அப்படித்தான் கிளிகள் வந்தன.

முதல் வகுப்பில் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டேன். "இடுப்பு குறையணும்." "சுகர் குறையணும்." "மக கல்யாணத்துக்குள்ள பழைய ஜாக்கெட் நுழையணும்." கமலாம்மா, "எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி, வீட்டுல இருந்து ஒரு மணி நேரம் தப்பிச்சா போதும்" என்றார். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு மெல்லிய குரல் ஒன்று வந்தது. அதுதான் ஜமீலா அக்கா. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நான் இப்ப நாற்காலியில உக்காந்துதான் தொழுகுறேன். எனக்கு நெத்தி தரையில படணும். யாரு கையையும் பிடிக்காம திரும்ப எந்திரிக்கணும். நோன்பு வாரதுக்குள்ள."

"நாற்காலியில தொழுதா கூடாதாக்கா?"

"கூடும் மாஸ்டர். முடியாதவுகளுக்கு அனுமதி இருக்கு. ஆனா எனக்கு முடியாதுன்னு முடிவு பண்ணுனது யாரு? நான் இல்லையே."

இன்றைக்கு நீங்கள் எல்லோரும் நடுவயதுப் பெண்கள் வந்தால் எடை எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று டேப்போடு போய் நிற்கிறீர்கள். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன், நடுவில் திரை இருந்ததால் தப்பித்தேன். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் இளைத்துக்கொண்டே போகும், பாரம் கொடுத்தால்தான் அவை நிற்கும் என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது இந்தக் கேள்வி: எதிலிருந்து எழுந்திருக்க ஆசைப்படுகிறீர்கள்? ஒருவருக்குத் தரை. ஒருவருக்குப் பேருந்து இருக்கை. ஒருவருக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோபா. அதைக் கேட்டு வைத்துக்கொண்டால் பாதிப் பயிற்சி தானாக அமைந்துவிடும்.

டம்பெல்லைக் கொண்டுபோனேன். தொட மாட்டேன் என்றார்கள். "ஆம்பளை கை வந்துரும்" என்று ஒரு குரல். நான் என் கையைத் திரைக்கு மேலே உயர்த்திக் காட்டி, "இந்தக் கை வர எனக்கு இருபது வருசமாச்சு, முட்டை எத்தனைன்னு கணக்கே இல்ல. உங்களுக்கு ரசஞ்சோத்துல வராது" என்றேன். அப்படியும் மசியவில்லை. கடைசியில் ஜமீலா அக்கா மெத்தைத் துணியில் கைப்பிடி வைத்து மணல் மூட்டைகள் தைத்துவிட்டார். மூட்டை என்றால் தூக்குவார்கள். அதே எடை இரும்பாக இருந்தால் தூக்க மாட்டார்கள். இதில் சண்டை போடாதீர்கள். தசைக்கு இரும்பு எது, மணல் எது என்று தெரியாது.

அடுத்து திண்டுகள். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவதுதான் முக்கியப் பயிற்சி. அது கைவந்ததும் நாற்காலியை ஒதுக்கிவிட்டு, தரையில் பஞ்சுத் திண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதில் உட்கார்ந்து எழ வேண்டும். நன்றாக வந்ததும் ஒரு திண்டை உருவிவிடுவோம். உயரம் குறையக் குறையக் காலுக்கு வேலை கூடும். கடைசித் திண்டும் போனால் தரை. மெத்தைக் கடை மாடியில் நடந்த வகுப்பு என்பதால் திண்டுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கூடம் முழுக்கப் புதுப் பஞ்சின் வாசனை. கீழே சாலையில் ஷேர் ஆட்டோக்காரர்கள் "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி" என்று பேருந்து நிலையத்துக்கு ஆள் பிடிக்கக் கத்துவது அப்படியே மேலே கேட்கும். சில நாள் என் எண்ணிக்கை அந்தத் தாளத்தில் போய்விடும். இப்போதும் கோரிப்பாளையம் சந்திப்பைக் கடக்கும்போது யாராவது "மாட்டுத்தாவணி" என்று கத்தினால் என் வாய் "உக்காருங்க, எந்திரிங்க" என்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

பார்க்காமல் சொல்லிக்கொடுப்பதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வளையல். எல்லோர் கையிலும் கண்ணாடி வளையல்கள். எழும்போது ஒரு கிணுங்கல், உட்காரும்போது ஒரு கிணுங்கல். யார் முந்துகிறார்கள், யார் தயங்குகிறார்கள் என்று வளையலை வைத்தே கணக்குப் போட்டேன். சில வாரங்களில் அந்தச் சத்தம் ராணுவ அணிவகுப்பு மாதிரி ஆகிவிட்டது. எல்லா வளையலும் ஒரே நொடியில் ஒலிக்கும். நான் பூரித்துப்போனேன். ஜிம்முக்குப் போய் ஓனர் அண்ணனிடம், "அண்ணே, நம்ம பசங்ககூட இம்புட்டு ஒழுங்கா செய்யமாட்டாய்ங்க. நான் ஒரு பிறவி மாஸ்டர்ணே" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "திரைக்கு அந்தப் பக்கம் டீ வாசம் வருதா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

அந்த அணிவகுப்பில் ஒரே ஒரு குறை. ஜமீலா அக்காவின் வளையல் மட்டும் ஒலிப்பதே இல்லை. அவருக்கு இடம் திரையின் வலது ஓரம், ஜன்னல் பக்கம். அந்தப் பக்கத்தில் நிசப்தம். எனக்குக் கோபம் வந்தது. ஆசைப்பட்டுக் கேட்டவர், இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே.

"ஜமீலாக்கா, உங்க வளையல் சத்தத்தையே காணோமே. நோன்பு வாரதுக்குள்ளன்னு சொன்னீக. உக்காந்து ஊர்க்கதை பேசுனா எந்த நோன்புக்கு எந்திரிப்பீக?"

"சரி மாஸ்டர்" என்று மட்டும் ஒரு குரல் வரும். கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல். அந்த மூச்சையாவது நான் கவனித்திருக்க வேண்டாமா? நான் வளையலில் லயித்திருந்தேன்.

ஒருநாள் சமநிலைப் பயிற்சி. விழாமல் இருக்க இந்த வயதில் அது அவசியம். "எல்லாரும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக் கால்ல நில்லுங்க. அசையக் கூடாது. கொக்கு மாதிரி" என்று சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தேன்.

அசையாமல் நிற்கிறார்கள் அல்லவா? ஆனால் வளையல்கள் ஒலிக்கின்றன! கிணுங், கிணுங், கிணுங். அதே ராணுவத் தாளம். நான் எண்ணுவதை நிறுத்தினேன். வளையல் நிற்கவில்லை. அந்தப் பக்கம் பேச்சு சுவாரசியத்தில் நான் நிறுத்தியதே அவர்களுக்குத் தெரியவில்லை.

"கமலாம்மா," என்றேன், "கொக்கு எதுக்கு வளையல ஆட்டுது?"

முதலில் ஒரு டம்ளர் கவிழ்கிற சத்தம். அதைத் தொடர்ந்து அந்தக் கூடமே அதிர்கிற மாதிரி சிரிப்பு. சிரித்துச் சிரித்து யாருக்கோ புரையேறியது. வாரக்கணக்காக அத்தனை பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் "ஒண்ணு" என்றால் கையை ஆட்டுவது, "ரெண்டு" என்றால் கையை ஆட்டுவது. கமலாம்மாதான் தாளக்காரர்.

"கோவிச்சுக்காதீக தம்பி," என்றார் கமலாம்மா, இன்னும் சிரிப்பு அடங்காமல். "நீங்க அம்புட்டு சந்தோசமா சபாஷ் போட்டீகளா, அதக் கெடுக்க எங்களுக்கு மனசு வரல."

நானும் சிரித்துவிட்டேன். கிளிகள்கூடச் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. அதன் பிறகு கமலாம்மாவின் குரல் மாறியது.

"ஆனா தம்பி, ஒண்ணு சொல்லணும். நீங்க தெனமும் திட்டுவீகளே ஜமீலா, அவ ஒருத்திதான் நெசமா செஞ்சா. நாங்க டீ குடிக்கையில அவ அந்த மூலையில உக்காந்து உக்காந்து எந்திரிச்சுக்கிட்டு இருப்பா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, அப்ப வளையல்?"

"கழட்டி வச்சிட்டுத்தான் செய்வேன் மாஸ்டர்."

"அதச் சொல்லியிருக்கலாமே. நான் எம்புட்டு ஏசுனேன்!"

"கழட்டி வச்சிருக்கேன்னு சொன்னா ஏன்னு கேப்பீக. தொழுகையில எந்திரிக்கும்போது கையை ஊன்றி விழுந்துட்டேன், வளையல் ஒடஞ்சு மணிக்கட்டுல ஏறிருச்சுன்னு சொல்லணும். விழுந்ததச் சொன்னா நீங்களும் என்னைய நாற்காலியிலேயே உக்காத்தி வச்சிருவீக. வீட்டுல எல்லாரும் அதத்தான் செஞ்சாக."

அவர் சொன்னது சரி. அன்றைக்குத் தெரிந்திருந்தால் நான் அப்படித்தான் செய்திருப்பேன். விழுந்தவரை உட்கார வைப்பதுதான் நம் ஊரில் அன்பு. மகன் நாற்காலி வாங்கித் தருவான், மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுப்பாள், கணவர் "நீ எந்திரிக்காத" என்பார். எல்லோரும் அன்பாக இருந்து இருந்தே காலை மறக்கடித்துவிடுவார்கள்.

மறுநாள் அக்காவை டாக்டரிடம் போய் வரச் சொன்னேன். மூட்டில் கொஞ்சம் தேய்மானம், பயிற்சி செய்யலாம், வலி வந்தால் நிறுத்த வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் வளையலைக் கழற்றச் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லாமல் காது வேறு சத்தங்களைப் பிடிக்கத் தொடங்கியது. திண்டு அமுங்குகிற 'புஸ்', பாதம் தரையில் அழுந்துகிற சத்தம், எழுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. ஜன்னல் பக்கத்து மூச்சு யாருடையது என்று எனக்குத் தனியாகத் தெரியும். ஒவ்வொரு திண்டாகக் குறைந்து வந்தது. மற்றவர்களும் டீயை வகுப்பு முடிந்த பிறகு வைத்துக்கொண்டார்கள். வெட்கத்தால் அல்ல. அக்கா திண்டுக் கணக்கில் முந்திப்போவதைக் கமலாம்மாவால் பொறுக்க முடியவில்லை.

நோன்பு நெருங்கியது. அக்காவுக்கு இன்னும் இரண்டு திண்டு பாக்கி. ஒன்றை இந்த வாரம், ஒன்றை அடுத்த வாரம் என்று திட்டம் வைத்திருந்தேன். அன்று காலை நான் கிளிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அதன் பிறகு யாரும் பேசவில்லை.

தம்பிகளே, நம் தொழிலில் கெட்ட சத்தம் பல உண்டு. இரும்பு காலில் விழுகிற சத்தம், கயிறு அறுகிற சத்தம். அன்று அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதைவிடக் கெட்ட சத்தத்தை நான் கேட்டதில்லை.

"என்ன ஆச்சு?"

"ஜமீலா ரெண்டு திண்டையும் எடுத்துட்டா தம்பி," என்றார் கமலாம்மா. "தரையில மண்டி போட்டு நெத்திய வச்சா. எந்திரிக்க முடியல. ஒரு பக்கமா சாஞ்சிட்டா. ஏய், ஆளுக்கொரு கையைப் பிடிங்கடி, தூக்குவோம்!"

"தூக்காதீக!" என்று கத்தினேன். "யாரும் தொடாதீக!"

என் கை திரையில் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் எல்லாம் தெரிந்துவிடும். இழுக்கலாமா? அடிபட்டிருந்தால் திரையாவது ஒன்றாவது, கிழித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அடிபடாமல் இருந்து நான் போய் நின்றால், அவர் தரையில் தலைமுடி கலைந்து கிடக்கிற கோலத்தில் ஒரு அந்நிய ஆண் வந்து நின்றான் என்பதோடு அவர் ஆசை அன்றே முடிந்துவிடும். அடுத்த நாள் வகுப்பும் இருக்காது. இழுக்காமல் நின்று ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"கமலாம்மா, என் காதை ஏமாத்துனீகள்ல? இப்ப எனக்குக் கண்ணா இருங்க. தலை அடிபட்டுச்சா?"

"இல்ல. அவ கை பட்டு ஜன்னல்ல இருந்த மணல் மூட்டைதான் தொப்புன்னு விழுந்துச்சு, அவ மெதுவாத்தான் சாஞ்சா."

"கை, கால் ஏதும் கோணியிருக்கா? வீங்கியிருக்கா?"

"இல்ல தம்பி. நல்லாத்தான் இருக்கு."

"ஜமீலாக்கா, நீங்க சொல்லுங்க. வலிக்குதா, பயமா இருக்கா?"

கீழே யாரோ "மாட்டுத்தாவணி" என்று கத்தினார்கள்.

"பயம்," என்றார் அக்கா.

எனக்கு உயிர் வந்தது. வலி என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். பயம் என்றால் நேரம் இருக்கிறது.

அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பாய் ஓடி வருகிறார். தொப்பென்ற சத்தம் கீழே கடைக்கும் கேட்டிருக்கிறது. அவர் கையில் என்ன என்று நினைக்கிறீர்கள்? ஒரு முழு மெத்தை. மனைவி விழுந்துவிட்டாள் என்றதும் கையில் அகப்பட்ட மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தக் குறுகலான படியில் ஏறி வந்திருக்கிறார். மெத்தைக்கு மேலே குல்லா மட்டும் தெரிந்தது.

"இதுக்குத்தான் மாஸ்டர் அவளை எந்திரிக்க வேணாம்னேன்! தள்ளுங்க, அவளை மெத்தையில தூக்கிப் போடுவோம்."

"பாய், மெத்தையில முட்டி அமுங்கிரும். இன்னும் எந்திரிக்க முடியாது. கெட்டியான தரைதான் நல்லது. ஒரு நிமிசம் குடுங்க."

"ஒரு நிமிசமா? அவ கீழ கெடக்கா!"

"கெடக்கல பாய், சாஞ்சு உக்காந்திருக்காக. வலி இல்ல. நீங்க தூக்கிட்டா இன்னைக்கோட அந்த நாற்காலிதான். உங்களுக்குத் தெரியாததா?"

பாய் என்னைப் பார்த்தார். மெத்தையைக் கீழே வைக்கவும் இல்லை, திரைக்கு உள்ளே போகவும் இல்லை. அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுத்தன. அன்று நான் பார்த்ததிலேயே கடினமான உடற்பயிற்சி அதுதான்.

"அக்கா, அவசரமே இல்ல," என்றேன். "நானும் இந்தப் பக்கம் தரையில உக்காருறேன். நான் செய்யச் செய்யச் சொல்றேன், கூடவே செய்ங்க. முதல்ல ரெண்டு கையையும் ஊன்றி நாலு கால்ல நிக்கிற மாதிரி வாங்க."

நான் மண்டியிட்டேன். மாஸ்டர் செய்து காட்டுகிறார் என்ற மிடுக்கோடு. காட்ட அங்கே இருந்தது பாயும் கிளிகளும்தான்.

"வந்துட்டா தம்பி," என்றார் கமலாம்மா.

"இப்ப வலது பாதத்தை முன்னாடி கொண்டாந்து தரையில பதிங்க. ரெண்டு கையும் வலது தொடை மேல. மூச்சை இழுங்க. பாதத்தால தரையை அமுக்குங்க. எந்திரிங்க."

நான் அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். ஊதுபத்தி நடுங்கியது. மூன்றாம் பரிசு வாங்கிய மார்பும் கையும் அந்த இரண்டு ஊதுபத்திகளின் மேல் கனமாக உட்கார்ந்திருந்தன. பிறகு தொடையில் ஒரு இழுப்பு வந்தது பாருங்கள், என்னை அறியாமல் "அம்மாடியோவ்!" என்று கத்திவிட்டேன்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஜமீலா அக்காவின் குரல், மிகுந்த அக்கறையோடு.

"மாஸ்டர், வலிக்குதா, பயமா இருக்கா?"

கமலாம்மாதான் முதலில் வெடித்தார். அடுத்து எல்லோரும். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்குத் தெரிந்த ஒரு மூச்சும் சிரித்துக்கொண்டிருந்தது. சிரித்து முடித்து, ஆழமாக ஒருமுறை உள்ளே இழுத்தது. அதன் பின்னால் பாதம் தரையில் அழுந்துகிற சத்தம்.

யாரும் சிரிக்கவில்லை இப்போது. துணி உரசுகிற சத்தம். இன்னொரு பாதம் தரையில் பதிந்தது.

"யா அல்லாஹ்," என்றார் கமலாம்மா, தன் சாமியை எல்லாம் மறந்துவிட்டு. "எந்திரிச்சிட்டா தம்பி. நிக்கிறா. யாரும் தொடல, சத்தியமா யாரும் தொடல."

பாயின் கையிலிருந்து மெத்தை நழுவி என் மேல் விழுந்தது. நான் இன்னும் ஒற்றைக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு மண்டியிட்டபடிதான் இருந்தேன். பாய் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார்.

"பாய்," திரைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா குரல் கொடுத்தார். தன் கணவரை அவரும் பாய் என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். "மாஸ்டரத் தொடாதீக. அவுகளே எந்திரிக்கட்டும்."

எழுந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். சுவர், மெத்தை, பாயின் வேட்டி நுனி என்று அகப்பட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அடுத்த நாளிலிருந்து திரைக்கு இந்தப் பக்கமும் திண்டுகள் அடுக்கப்பட்டன. அவர்கள் உட்காரும்போது நானும் உட்கார்ந்தேன். கமலாம்மா அந்தப் பக்கமிருந்து, "தம்பி, உங்க மூச்சைக் காணோமே, உக்காந்து ஊர்க்கதை பேசுறீகளா?" என்று கேட்பார். அந்த வயதுப் பெண்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதை என் ஊதுபத்திகள் எனக்குச் சொல்லிக்கொடுத்த காலம் அது.

இப்போது உங்களில் பாதிப் பேர் தங்கைகள். உங்களுக்குத் திரை தேவையில்லை. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் வயதான வாடிக்கையாளர் ஒருவர் உங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் தவிக்கும்போது, உங்கள் கை தானாக நீளும். நீட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். வலி என்றால் உடனே போங்கள். பயம் என்றால் பக்கத்தில் உட்காருங்கள்.

அந்த நோன்புக் காலம் முழுக்க வகுப்பு இல்லை. பெருநாள் அன்று பாய் தன் டிவிஎஸ் வண்டியில் ஆனையூர் வரைக்கும் வந்தார். முன்னால் பிரியாணித் தூக்குவாளி. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஒரு நாற்காலி. நல்ல தேக்கு நாற்காலி, கைப்பிடியெல்லாம் தேய்ந்து பளபளப்பாக இருந்தது.

"இது எதுக்கு பாய்?"

"அவ குடுக்கச் சொன்னா. இனிமே வீட்டுல இது வேணாமாம்." பாய் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் சொன்னார். "மாஸ்டருக்குத் தேவைப்படும்னா."

ஜமீலா அக்காவின் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை. தெருவில் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சைக் கேட்கச் சொன்னால் மட்டும் இன்றும் சொல்லிவிடுவேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இவ்வளவையும் எழுதினேன். கைப்பிடி இரண்டும் இன்னும் உறுதியாக இருக்கின்றன. இதோ எழுந்திருக்கப் போகிறேன். அவற்றைத் தொட மாட்டேன்.